பீரோவுக்குள் ஒரு போன்

பள்ளியில் கைப்பேசிக்குத் தடை. கயற்கண்ணியின் பட்டன் போனைப் பறித்து, விளையாட்டு ஆசிரியர் அருளப்பன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "அப்பா லாரில போயிருக்காரு சார், மதியம் கூப்பிடுவாரு. பேசிட்டுத் தந்துடறேன்" என்று அவள் கெஞ்சியும் மசியவில்லை. மதியம் அது பீரோவுக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் லாரி கவிழ்ந்து அப்பா போய்ச்சேர்ந்தார். அவள் போனை வாங்க வரவேயில்லை.

அன்றிலிருந்து தினமும் மதியம் அது அடிக்கிறது. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். நேற்று எடுத்துவிட்டார்.

"வாத்தியாரு போனைப் புடுங்கிட்டாரோன்னு நெனச்சேன். சாப்ட்டியா பாப்பா?"

அருளப்பன் குரலை முடிந்தமட்டும் மெல்லிசாக்கிக்கொண்டார்.

"சாப்ட்டேம்பா. எங்க சாரு அப்படியெல்லாம் புடுங்க மாட்டாரு."