ஐந்தாவது ஓரப்பட்டை

உப்பிய மேல்பலகை வைத்த கிடாருக்கு மரத்தில் ஓரப்பட்டை ஒட்டி விளிம்பை மூடுவது பெரும்பாடு. ஈட்டிமரச் சீவலைச் சூடான குழாயில் அழுத்தி வளைத்தேன். இடுப்பு வளைவில் நான்கு ஒடிந்தன. ஐந்தாவது, நாற்பதாம் நாள், ஒடியாமல் உட்கார்ந்தது. அசதியோடு கிடாரைத் தூக்கினேன். உள்ளே என் பல்செட் கடகடவென்றது.

பலகையை ஈறால் கடித்துக்கொண்டு தட்டினால்தான் எனக்குச் சுருதி பிடிபடும். அதற்காகக் கழற்றி, திறந்திருந்த கிடாருக்குள் வைத்தவன், அப்படியே பலகையை மூடி ஒட்டிவிட்டேன். வீடெல்லாம் தேடியாகிவிட்டது. மேல்பலகையில் வெட்டிய ஒடுங்கிய துளை வழியாகப் பார்த்தால் சிரிக்கிறது, வெளியே வராது.

"பட்டையை அறுத்து எடுங்க. எத்தனை நாளைக்குக் கஞ்சி?" என்றாள் என் மனைவி ஃபிலோமினா.

உளியை வைத்தேன். ஒடிந்த நான்கை நினைத்து எடுத்துவிட்டேன். தந்தி பூட்டிய அன்றே, கிடாரைச் செய்யச் சொல்லியிருந்த கில்பர்ட் வந்து, வாங்கி, ஒரு பாட்டு முழுக்க வாசித்தான்.

"அண்ணாச்சி, கூடவே யாரோ தாளம் போடுறாங்க. இந்த வித்தை வேற எவனுக்கும் வராது. எப்படிச் செஞ்சீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஃபிலோமினா என்னையே பார்த்தபடி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.