அவன் கொடுத்த பாதி

நான்காவது குழியில் மட்டும் எதுவும் சாகவில்லை.

அவன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான். பிளாஸ்டிக் தட்டின் மற்றக் குழிகளில் செல்கள் செத்து, கழன்று, குப்பையாக மிதந்தன. இதில் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று இருந்தன.

கூட வேலை பார்க்கும் பெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல வைரஸ் ஊத்த மறந்துட்டீங்க."

அப்படித்தான் இருக்கும் என்று அவனும் நினைத்தான். திரும்பச் செய்தான். அவளையும் செய்யச் சொன்னான்.

சாகவில்லை.

அவை அவனுடைய செல்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருவர் வேண்டும். அதற்காக ஊரெல்லாம் அலைகிற வழக்கம் அந்த ஆய்வகத்தில் இல்லை. யார் சும்மா உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மூக்கில் குச்சியை விட்டு வழித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அகப்பட்டவன் அவன்.

வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது. மனித செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் அடுப்பில்தான் பொங்கித் தின்று பெருகும். அந்த அடுப்பு எந்த மரபணு என்று தேடுவதுதான் அவர்கள் வேலை. மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, எதை அணைத்தால் வைரஸ் பட்டினி கிடக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்திருந்தது.

அவனுடைய செல்லில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே உடைந்திருந்தது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியும், அம்மாவிடமிருந்து வந்த பிரதியும்.

"அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க!" என்றாள் பெனிட்டா.

இதே வைரஸ் கொண்டுவரும் காய்ச்சல்தான் போன மழைக்காலத்தில் அவன் வீட்டுக்கு வந்தது. முதலில் அவன் மனைவி சுகந்தி படுத்தாள். அடுத்து மகள் இலக்கியா.

சுகந்தி எழுந்துவிட்டாள். குழந்தை எழவில்லை.

அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

தப்பியது தம்பிரான் புண்ணியம் என்றார்கள் சொந்தக்காரர்கள். சுகந்தி அப்படிச் சொல்லவில்லை. ஜுரத்தில் நினைவில்லாமல் அடுத்த அறையில் கிடந்தவள் அவள். எதையும் பார்த்தவளில்லை. ஆனாலும் ஒரு முடிவு கட்டிவிட்டாள். வைரஸைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷன், பெற்ற பிள்ளையைத் தொடாமல் தள்ளி நின்று தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டான்.

அவன் தொட்டான். மூச்சு வாங்கிய பிள்ளையை மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தான். அவள் இருமியதெல்லாம் அவன் முகத்தில்தான் பட்டது.

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். தொட்டிருந்தால் உங்களுக்கு ஏன் வரவில்லை என்று சுகந்தி கேட்பாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

இப்போது இருந்தது.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நான்காவது குழியைப் படம் பிடித்துக்கொண்டான். சுகந்தி பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். படத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை அவளே புரிந்துகொள்வாள்.

படி இறங்கும்போது அந்த மீதி அவனுக்குப் புரிந்தது.

இலக்கியாவுக்கு அவன் கொடுத்தது உடைந்த பிரதி. அவனிடம் கொடுக்க வேறு கிடையாது. இன்னொன்று சுகந்தியிடமிருந்து போயிருக்கிறது. அதுவும் உடைந்திருந்தால் வைரஸ் பட்டினியில் செத்திருக்கும். பிள்ளை பிழைத்திருக்கும்.

சுகந்தி கொடுத்தது நல்ல பிரதி. ஒரு பழுதும் இல்லாதது.

அந்த ஓர் அடுப்பு போதுமாக இருந்தது.

திரும்ப மேலே ஏறிப்போனான். இந்தச் செல் யாருடையது என்று எங்கேயும் எழுத வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பெனிட்டாவிடம் கேட்டுக்கொண்டான். அவள் காரணம் கேட்டாள். அவன் கைப்பேசியிலிருந்த படத்தை அழித்தான்.

வீட்டில் சுகந்தி சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

அவன் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"சுகந்தி."

"ம்."

"நீ சொன்னதுதான் நிஜம். எனக்குப் பயமா இருந்துச்சு. புள்ளைய நான் தொடல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து, நிம்மதியாக அழத் தொடங்கினாள்.