மூன்றாவது போர்டு

"மூணுல எது ரொம்ப ஆழம்?"

வந்தவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். மீன் என்ன கலர், ஆமை வருமா, சுறா கடிக்குமா என்று கேட்கிறவர்களைத்தான் கவுண்டர்க்காரி பார்த்திருக்கிறாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் கடல் உயிரியலில் பட்டம் வாங்கியவள். அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்தப் படிப்புக்குக் கிடைத்தது, சுற்றுலாக் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, பவளப்பாறை பார்க்க எங்கே முக்குளிக்கலாம் என்று வருகிறவர்களுக்கு ரசீது கிழிக்கிற வேலை. முதலாளியின் பித்தலாட்டம் பொறுக்காமல் எழுதிய ராஜினாமாக் கடிதம், நாலு மாதமாக டிராயரில் தேதி போடாமல் கிடந்தது.

சுவரில் மூன்று போர்டுகள். 'மீன் முற்றம்: குழந்தைகளுக்கு ஏற்றது.' 'ஆமைத் தோட்டம்: ஓரளவு பழகியவர்களுக்கு.' 'பேய்வாய்: நாற்பது அடி ஆழம், பலத்த நீரோட்டம், நீச்சல் தெரியாதவர்கள் பக்கமே போக வேண்டாம்.'

"பேய்வாய்தான் சார் ஆழம். ஆனா நேத்து பெஞ்ச மழையில தண்ணி கலங்கிக் கிடக்கு. பவளப்பாறை கண்ணுக்கே தெரியாது."

"அதனால என்ன, மனசால பாத்துக்குறோம். அங்க செல்போன் சிக்னல் இருக்குமா?"

"பேய்வாய்ல சுத்தமா இருக்காது."

லாட்டரி விழுந்தவன் போல அவன் முகம் மலர்ந்தது.

"அங்க இதுவரைக்கும் யாராவது..."

"யாராவது?"

"சும்மா கேட்டேன். ஜெனரல் நாலெட்ஜ்."

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி முதல் போர்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னங்க, மீன் முற்றத்துக்கே போலாமே. குழந்தைங்களுக்கு ஏத்ததுன்னு போட்டிருக்கு. எனக்கு அதுவே ஜாஸ்தி."

"சும்மா இரு. லீவுக்கு வந்தோமா, எல்.கே.ஜி.ல சேர வந்தோமா?" என்றவன் சிகரெட் பற்றவைக்க வெளியே போனான்.

"அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"வாளித் தண்ணியைப் பாத்தாலே பயம்மா எனக்கு. அவரே சொல்லித் தர்றாராம்."

"அப்படி என்ன அவசரம்?"

"கல்யாணமாகி ஆறு வருஷத்துல இப்பதான் முதல் தடவையா வெளியூர் கூட்டிட்டு வந்திருக்காரு. எங்கம்மா குடுத்த வீட்டை அவரு பேருக்கு மாத்த மாட்டேன்னு சொன்னதுல இருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. திடீர்னு மனசு மாறிட்டாரு, பாவம்."

"ஊருக்கு எப்பத் திரும்புறீங்க?"

"அவரு ஞாயித்துக்கிழமை. ஒரு டிக்கெட்தான் கிடைச்சுதாம். எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்னாரு. சிக்கனமான மனுஷன், வீணா ஒரு டிக்கெட் எடுக்க மாட்டாரு."

கவுண்டர்க்காரிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவரு உங்களைத் தண்ணில தள்ளத்தான் கூட்டிட்டுப் போறாரு."

"சீ, வாயைக் கழுவு! அவரு தங்கம்."

தங்கம் உள்ளே வந்தது. "பேய்வாய்க்கே போடும்மா. இவளுக்கு லைஃப் ஜாக்கெட் வேணாம், போட்டோல பீப்பா மாதிரி இருப்பா. கூட வர்றதுக்கு ஆளும் வேணாம்."

"உங்க இஷ்டம் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். மூன்று மடங்கு கட்டணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டாள். ரசீதில் கொட்டை எழுத்தில் 'பேய்வாய்' என்று எழுதி, 'ஜாக்கெட் வேண்டாம்' என்று அவன் கையாலேயே எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினாள். பிறகு படகுக்காரரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

படகு கிளம்பியது. மனைவி பயந்துகொண்டே கையாட்டினாள். கவுண்டர்க்காரியும் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, உள்ளே போய் டீயை ஊதிக் குடித்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து செல்போன் அடித்தது. படகுக்காரரின் குரல் பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. போட்டோ எடுக்கணும், ஓரத்துல உக்காருன்னான். நான் முதுகைத் திருப்பினதும் தள்ளிட்டான்."

"வீடியோ எடுத்தீங்களாண்ணே?"

"போனை இன்ஜின் மேல சாத்தி வச்சிருந்தேன். முழுசா விழுந்திருக்கு."

"இப்ப என்ன பண்றான்?"

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, 'ஐயோ, முழுகிட்டியே என் செல்லமே'ன்னு மார்ல அடிச்சுக்குறான். குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் அழுறான். இன்னும் கண்ணைத் திறக்கல."

"அக்கா?"

"அக்கா செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, அவன் எப்ப கண்ணைத் திறப்பான்னு பாத்துட்டு நிக்குது."

"எங்க நிக்குறாங்க?"

"விழுந்த இடத்துலதான்."

கவுண்டர்க்காரி அடுத்த போனைப் போலீசுக்குப் போட்டாள். பிறகு ராஜினாமாக் கடிதத்தை வெளியே எடுத்து, 'ஜனங்களை ஏமாற்றிப் பிழைக்கும் தங்கள் நிறுவனத்தில்' என்று தொடங்கும் வரியை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். இன்று ஒரு நாள் மட்டும் முதலாளியை மன்னித்துவிடலாம் என்று மறுபடி டிராயரிலேயே போட்டாள்.

போர்டு மூன்று, பெயர் மூன்று, கட்டணம் மூன்று; முதலாளியின் படகு எல்லாரையும் கொண்டுபோய் இறக்குகிற இடம் மட்டும் என்றைக்கும் ஒன்றே ஒன்றுதான், இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத மீன் முற்றம்.