கிண்ணம் தெரியும்

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது. கிண்ணம் தெரியும்," என்றாள் பெங்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். வூகானின் ஒரு தெருமுனையில் பதினெட்டு வருடமாகக் காலை நேரத்து நூடுல்ஸ் கடை. இன்னும் பெயர் வைக்காத புதுக் காய்ச்சலோடு மூன்று நாள் கடை திறந்திருந்தாள். வெறும் சளி என்று நினைத்திருந்தாள்.

எதிரே சுகாதாரத் துறையின் யின் சுவே. தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண்ணாடிக்குள் கண்கள் மட்டும். அந்த மூன்று நாளில் பெங்கிடம் சாப்பிட்டவர்களை இன்றே கண்டுபிடிக்க வேண்டும். நாளை எல்லோரும் சீனப் புத்தாண்டுக்கு ரயிலேறிவிடுவார்கள். அப்பா அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிட உட்காருவார்கள்.

"சரி, கிண்ணத்தையே சொல்லுங்கக்கா."

"மொதல்ல ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுறவன். மிளகா எண்ணெய் ரெண்டு கரண்டி. நாக்கு செத்துப்போச்சும்பான். அப்புறம் வெங்காயத்தாள் ஆகாத மருந்துக்கடைப் பொண்ணு. அப்புறம் முள்ளங்கி ஊறுகாய்க்குச் சண்டை போடுற வாத்தியார். பொண்டாட்டிக்குத் தெரியாம ரெண்டாவது கிண்ணம் வேற. அதை எழுதிடாத, பாவம்."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"ஆவியில மூஞ்சி எங்க தெரியுது? நான் தலை நிமிர்றதே இல்ல. எல்லாம் குரல்தான்."

யின் சுவே ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, போனில் வெளியே இருந்தவர்களுக்குச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. ஓட்டுநர் கிடைத்துவிட்டார், காய்ச்சல் இருக்கிறது. மருந்துக்கடைப் பெண் கிடைத்துவிட்டாள். வாத்தியார் ரயில் நிலையத்தில், பெட்டியோடு.

பெங் நிறுத்தவில்லை. இருபது. முப்பது. எள் விழுது கம்மியாகக் கேட்கும் தையல்காரி. மகனுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு மீதியைத் தின்னும் தகப்பன். யின் சுவேயின் பேனா நின்றது. பெங்கின் மூடிய இமைகளுக்குப் பின்னால் ஒரு தெருவே நடந்துகொண்டிருந்தது, அவரவர் கிண்ணத்தோடு.

"மத்தவங்கல்லாம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுறாங்க. நீ மட்டும் ஏன் உள்ள வந்தே? பயமில்லையா?"

"இல்லக்கா."

"ஊருக்குப் போகல?"

"டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்."

"அம்மா திட்டுவாளே."

"திட்டியாச்சு. புத்தாண்டுக்கு வாங்கின அவ்வளவு பெரிய மீனை யாரு தின்னுறதுன்னு அழுகை வேற."

பெங் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்கவில்லை. செவிலி உள்ளே வந்தாள்.

"போதும். தொண்டையில குழாய் வைக்கணும். அப்புறம் பேச முடியாது."

"நாப்பத்திரண்டு ஆச்சு," என்றாள் யின் சுவே. "போதும்க்கா."

"இன்னும் ஒண்ணு இருக்கு." பெங் அவளுடைய கையுறையைப் பற்றினாள். "கொத்தமல்லி வேண்டாம். எள் விழுது தூக்கலா. 'சீக்கிரம்க்கா, ஆபீஸுக்கு நேரமாச்சு'ன்னு நடந்துக்கிட்டே தின்னும். நீ மொத கேள்வி கேட்டப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு, கண்ணு. அப்பவே சொன்னா எழுந்து ஓடியிருப்பே. மிச்சப் பேரை யாரு எழுதுறது? மன்னிச்சுக்கோ."

யின் சுவே தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பி, பெங்கின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

பஸ் ஓட்டுநருக்கு எதிரே இரண்டு என்று எண் இருந்தது. அதற்கு மேலே, இந்த அறைக்குள் நுழையும் முன்பே எழுதப்பட்டு மை காய்ந்திருந்த வரி: "1. யின் சுவே. மூன்று நாளும்."