குளத்தில் ஒரு செவ்வால் கெளுத்தி

"இந்தக் காலனியில இருக்கிற எவனோ ஒருத்தன் பண்ணின வேலைதான் இது!"

காலனித் தலைவர் போட்ட சத்தத்தில், மீன்தொட்டி கழுவுகிறவனின் மனைவி இடுப்பிலிருந்த கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

குளத்துப் படியில் தையல்காரரின் மகள் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். நீந்திக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று அந்தச் சிறுமியின் பாதத்தைக் கவ்வி இழுத்துவிட்டுப் போயிருக்கிறது.

தலைவர் குனிந்து காலைப் பார்த்தார். மீன் விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் காலனியில் மறுபேச்சு கிடையாது.

"பல்லு குத்தின காயமில்ல. சுத்திலும் உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கு பாருங்க. கெளுத்திதான். ஏம்மா, வால் என்ன நிறம்?"

"ரத்தச் சிவப்பு தாத்தா. மீசையெல்லாம் இருந்துச்சு. வாய் இவ்ளோ பெரிசு!"

"செவ்வால் கெளுத்தி. இது இந்தத் தண்ணி மீனே இல்ல. கடையில விரல் நீளத்துல மீசையை ஆட்டிக்கிட்டு அழகா நிக்கும். ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தா, தொட்டியில இருக்கிற மத்த மீனையெல்லாம் முழுங்கிட்டு அதுமட்டும் வளரும். வளர்க்கத் துப்பில்லாம எவனோ இங்க கொண்டுவந்து கொட்டியிருக்கான்."

"எவன்னு தெரிஞ்சா?" என்றார் தையல்காரர்.

"குடும்பத்தோட வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகவேண்டியதுதான். நானே முன்ன நின்னு அனுப்பிவைப்பேன்."

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வீடு வீடாகப் போய் மீன்தொட்டி கழுவிக் கொடுக்கும் அவள் கணவன் அங்கே நின்றிருந்தான். காலனியில் அவன் கை படாத தொட்டி தலைவர் வீட்டுத் தொட்டி ஒன்றுதான். அதை அவரே கழுவிக்கொள்வார்.

"என்னப்பா தொட்டிக்காரரே, வாயில கொழுக்கட்டையா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நான் விடலைங்க."

"வாளியும் கையுமா அலையறது நீங்க ஒருத்தர்தானே!"

யாரோ சிரித்தார்கள். போன மாதம் மூடி போட்ட வாளியோடு அவன் அவசரமாக வெளியே போனதை அவள் பார்த்திருந்தாள். உள்ளே ஏதோ தொப் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க... அன்னைக்கு அந்த வாளியில..."

"தொட்டி கொள்ளாத தங்கமீன்மா. கடையில குடுத்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே." அவன் அவளையே பார்த்தான். "நீயே கேக்குறியே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் பயம் போகவில்லை.

"விட்டது யாரா வேணா இருக்கட்டும், பிடிக்கத் தெரிஞ்சவர் இவர்தான். இறங்கட்டும்" என்றார் தலைவர்.

கயிற்று நுனியில் கோழி ஈரலைக் கட்டித் தொங்கவிட்டு, வலையைப் பிடித்துக்கொண்டு அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். மேல்படியில் தையல்காரர் கூராக்கிய கம்பியோடு காத்திருந்தார். முதல் நாள் பூராவும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் வந்தது.

தண்ணீருக்கடியில் கறுப்பாக ஒரு நிழல். மெதுவாக வந்தது. மீசையால் ஈரலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி, அவன் தொடையை உரசிக்கொண்டே ஆழத்துக்குப் போனது. ஒரு கணம் மேலே தெரிந்த சிவப்பு வால் அவன் கையைவிட அகலம்.

"ஐயோ, மேல வந்துடுங்க!"

"அட, தொட்டிக்காரர் வீட்டம்மாவுக்குப் பேச்சு வருதுப்பா!" என்று ஒருவர் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரர் பொறுமை இழந்தார். "போதும். நாலு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்திருக்கேன். கொட்டினா ஒரு மணி நேரத்துல மல்லாந்து மிதக்கும்."

"வேண்டாங்க" என்றான் அவள் கணவன் தண்ணீரிலிருந்து. "குளத்துல இருக்கிற மீன் அத்தனையும் செத்துடும். இன்னும் ஒரு நாள் குடுங்க. உயிரோடவே பிடிச்சுடறேன்."

"உனக்கு ஏன்யா இப்படிப் பொங்குது? அப்போ அது உன்னோடதுதானா?"

கூட்டம் முணுமுணுத்தது. "அதான பார்த்தேன்" என்றது ஒரு குரல். "இன்னைக்கே சாமான் கட்டச் சொல்லுங்க" என்றது இன்னொன்று.

கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்? இவர் சும்மா இருந்திருக்கக்கூடாதா? யார் பெற்ற மீனோ, செத்துத் தொலைந்தால் இவருக்கென்ன?

தையல்காரர் மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்தார். வெள்ளைத் தூள் படியில் சிந்தியது. காரநெடி மூக்கில் ஏறியது. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார்.

"கொட்டாதய்யா! கொட்டாத!"

தலைவர் தடுமாறி ஓடிவந்து மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஈரலைக் கட்டித் தொங்கவிட்டா எப்படி வருவான்? அவன் ஈரல் தொடமாட்டான்யா. குட்டியில இருந்தே தொடமாட்டான். இறால் குடுங்க. ஓட்டை உரிச்சுட்டுக் குடுங்க, தானா வந்து வாயைத் திறப்பான்..."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. எல்லார் தலையும் இப்போது அவர் பக்கம் திரும்பியது.

அவள் கணவனைப் பார்த்தாள். இத்தனை பேச்சு கேட்டவன், இப்போது என்ன கத்து கத்தப்போகிறானோ!

அவன் ஈரலை அவிழ்த்துக் கரையில் போட்டான். தண்ணீரில் நின்றபடியே, தொட்டி கழுவப்போகும் வீட்டில் கேட்பதைப் போலக் கேட்டான்:

"ஒரு வேளைக்கு எத்தனை இறால் குடுப்பீங்க ஐயா?"