மூழ்க மறுத்த கார்

எய்னோவைக் கையும் வாளியுமாகப் பிடித்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். உறைந்த ஏரியின் மேல் நின்ற பழைய காரைச் சுற்றி, வாளியிலிருந்து எதையோ அள்ளித் தூவிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல்.

கறுத்த சாம்பல் வெயிலை இழுக்கும். அடியில் இருக்கும் பனிக்கட்டி சீக்கிரம் உருகும். வட மிச்சிகனில் பிறந்த கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

குளிர்காலம் வந்தால் எங்கள் ஊர்ச் சங்கத்தார் இன்ஜினைக் கழற்றிய ஓர் ஓட்டைக் காரைச் சங்கிலியில் கட்டி, ஏரியின் நடுவில் நிறுத்துவார்கள். அது என்றைக்கு மூழ்கும் என்று ஊரே பந்தயச் சீட்டு வாங்கும். நாளைச் சரியாகச் சொன்னவருக்கு வசூலில் பாதி. மறுபாதி, கம்யூனிட்டி காலேஜில் சேருகிற ஒருவருக்குக் கட்டணம்.

இந்த வருஷம் அந்த ஒருவர் டார்லா. காப்பிக்கடையில் சமைக்கிறாள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அரசாங்க உதவி கேட்டால், காகித மில் மூடுவதற்கு முன்னால் அவள் வாங்கிய சம்பளத்தைப் பார்த்துவிட்டு, 'நீ ஏழை இல்லையே' என்று கையை விரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

காரோ மூழ்குகிற வழியாக இல்லை. ஏப்ரல் பாதி தாண்டியும் அப்படி ஒரு குளிர். கார் மூழ்காமல் பணப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது சங்கத்து விதி. தலைவி வெர்னா விதிக்கு மேல் ஒரு மயிரிழை நகரமாட்டாள்.

நேரே காப்பிக்கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். எய்னோவும் பின்னாலேயே வந்து, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து காப்பி கேட்டான்.

ஒளிப்பானேன்? அவனை எனக்குப் பிடிக்காது. மீன் பிடிக்க நான் பார்த்துப் பார்த்துப் பனியில் துளை போட்டு வைத்த இடத்தில், தன் குடிலைக் கொண்டுவந்து வைத்தவன். பதினாறு வருஷம் ஆகிறது. எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது.

“பந்தயத்துல தில்லுமுல்லா? இந்த வயசுல இது தேவையா எய்னோ?” என்றாள் வெர்னா.

அவன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“வாயைத் திறயேன்டா! வாளியோட மாட்டினியே!” என்றேன்.

“நீ காலங்காத்தால ஏரிக்கு எதுக்கு வந்தே?”

“நடக்க வந்தேன்.”

“பதினாறு வருஷமா என் பின்னாலயே நடக்கறியே, கால் வலிக்கலை?”

கடையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெர்னா, இவனைப் பந்தயத்தை விட்டே தள்ளு. தன் தேதிக்கு மூழ்கடிக்கப் பார்க்கறான்.”

“இரு இரு. இவனுக்குச் சீட்டு வித்தது நான்தான். வருஷா வருஷம் ஒரே தேதிதான் எடுப்பான். லெம்பியோட பிறந்தநாள்...” என்றவள் நிறுத்தினாள். “அது அடுத்த வாரம் புதன்கிழமை இல்ல?”

“ஆமா,” என்றான் எய்னோ.

லெம்பி அவன் மனைவி. போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. அவள் பிறந்தநாள் வரை கார் தாங்கியதே கிடையாது. 'இந்த வருஷமும் பொண்டாட்டி உன்னைக் கைவிட்டுட்டாளே' என்று ஊரே கேலி செய்யும். இந்த வருஷக் குளிருக்குத்தான் தாங்கும் போலிருந்தது.

“சும்மா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலே நீதானேய்யா ஜெயிச்சிருப்பே? எதுக்குச் சாம்பலைப் போட்டே?” என்றாள் வெர்னா.

எய்னோ சமையலறைப் பக்கம் தாடையை நீட்டினான்.

“வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாமே. அந்தப் பொண்ணு போய் ஊசி போடவாவது கத்துக்கட்டும். முட்டை பொரிக்க வரவே மாட்டேங்குது.”

“காதுல விழுது!” என்றது உள்ளேயிருந்து டார்லாவின் குரல். அதட்டலாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் உடைந்துவிட்டது.



“பெட்டியைத் திறந்துடேன் வெர்னா,” என்றார் ஒருவர்.

“விதின்னா விதிதான். இன்னைக்கு இவளுக்காகத் திறந்தா நாளைக்கு எவனெவனோ வந்து நிப்பான். கார் மூழ்காம பெட்டியில கை வைக்க மாட்டேன்.” கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். “ஆனா, விதியில எங்கயும் சாம்பலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.”

வாசல்வரை போனவள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“முதுகு ரொம்பப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை சானா குளியல் வரைக்கும் தாங்காது. இன்னைக்கே அடுப்பை மூட்டி நல்லா ஒரு நீராவிக் குளியல் போட்டாத்தான் சரிப்படும். சாம்பலை எங்க கொட்டறதுன்னுதான் தெரியலை. எய்னோ, நல்ல இடமா இருந்தா காலையில வந்து காட்டேன்.”

வியாழக்கிழமை மத்தியானம் கார் மூழ்கும்வரை ஊரில் எல்லாருக்கும் முதுகுவலி. எனக்கும்தான்.