கிளிக்குக் கீழே புல்

“இது என் கிளிங்க” என்றாள் அன்புச்செல்வி, புடவைக் கடையின் கண்ணாடி அலமாரியைக் காட்டி.

கடைக்காரர் தணிகாசலம் கிளியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். ஆரணியில் நாற்பது வருடமாகப் பட்டு விற்கிறார். அலமாரியில் அன்னம், மயில், யானை எல்லாம் வரிசையாகத் தொங்கின. எதற்கும் சொந்தக்காரர் என்று இதுவரை யாரும் வந்ததில்லை.

அவள் போனை நீட்டினாள். வலைப்பூ எழுதுகிறவர்கள் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ள அவள் வடிவமைத்த ‘கிளிக்கொடி’ தீம் அதில் இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் கொடி, கொடியில் கிளி. புடவை பார்டரிலும் அதே கொடி, அதே கிளி. வால் கொஞ்சம் கோணலாக இருந்தது உட்பட.

நான்கு வருடத்தில் இப்படி இருபத்து மூன்று தீம்கள் போட்டிருந்தாள். எல்லாம் இலவசம். அவள் கேட்டது ஒன்றுதான். பக்கத்தின் அடியில் அவள் பேர் இருக்கும் வரியை எடுக்கக் கூடாது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

எடுத்துப் போட்டவர்கள் மூவாயிரம் பேர். பேரை விட்டுவைத்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாயிரம் கொடுத்தவரும் இல்லை.

வீட்டில் பொறுமை போய்விட்டது. அப்பா ஜெராக்ஸ் கடையில் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று சனி. தன் வேலைக்கும் காசு வரும் என்று அப்பாவுக்குக் காட்ட, இந்தக் கிளியை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

போதாக்குறைக்கு ஒரு வாரமாக யார் யாரோ போன் செய்து உயிரை வாங்கினார்கள். சேத்துப்பட்டிலிருந்து ஒரு அம்மா, பட்டுப் புடவையைத் தண்ணீரில் நனைக்கலாமா என்று கேட்டார். வெம்பாக்கத்திலிருந்து ஒருத்தி, இதே புடவை மாம்பழக் கலரில் கிடைக்குமா என்றாள். ராங் நம்பர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

“நெட்டுல ஃப்ரீன்னுதானேம்மா போட்டிருந்தே?” என்றார் தணிகாசலம்.

“ஃப்ரீதாங்க. கீழ என் பேரு இருக்கணும்னும் போட்டிருந்தேன். அதை மட்டும் யாரும் படிக்கறதே இல்ல.”

ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஓடியது.

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். கிளிப் புடவையை எடுத்துப் பிரித்து, பார்டரை அவள் முன்னால் நீட்டினார்.

கிளிக்குக் கீழே, புடவையின் அடி ஓரத்தில், தீமில் இருந்தபடியே ஜரிகையில் நெய்திருந்தது: ‘வடிவமைப்பு: அன்புச்செல்வி, ஆரணி.’ பக்கத்தில் அவள் போன் நம்பர். அதற்கும் பக்கத்தில், ‘இந்த வரியை நீக்கக் கூடாது.’

முழத்துக்கு ஒரு தடவை.

மூவாயிரத்து ஓராவது ஆள் படித்திருக்கிறார்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அன்புச்செல்வி தன் பேரை விரலால் தடவிப் பார்த்தாள். லேசாகச் சொரசொரத்தது.

“எங்க டிசைன் போடற எழிலரசன் செஞ்ச வேலை. தறியிலருந்து வந்தப்பறம்தான் நானே பாத்தேன். கேட்டா, நீக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, எப்படி நீக்கறதுன்றான். இப்ப வாங்கினவங்கெல்லாம் உனக்கே போன் பண்ணிகினு இருக்காங்க. கடைக்கு ஒருத்தரும் பண்றதில்ல. ஒரே பேஜாரு.”

சொல்லிவிட்டுக் கல்லாவைத் திறந்து நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். பேரை எடுப்பதற்கு அவள் போட்டிருந்த அதே தொகை. இனிமேல் மாதம் இரண்டு பார்டர் வரைந்து கொடுக்கும்படியும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் உரிய காசு வந்துவிடும். பேர் மட்டும் வேண்டாம்.

நான்கு வருடமாக எதிர்பார்த்த காசு. அதைப் போய்ப் பேரை எடுப்பதற்கு வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடை திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறந்துவிடும். வாங்கிக்கொண்டாள்.

“எழிலரசா, அந்தப் புது சாம்பிளை எடுத்தா!”

உள் அறையிலிருந்து எழிலரசன் வந்தார். தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. இந்தக் கடையின் பார்டர்களை இருபது வருடமாகப் போடுகிறவர். அவளை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டு, புடவையிடம் சொல்வது போலச் சொன்னார்.

“பேரை எடுத்துட்டேங்க. எடம் காலியா இருந்துச்சி. கொஞ்சம் புல்லு போட்டுட்டேன்.”

புல் நன்றாகத்தான் இருந்தது. கிளி முன்பு கொடியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. இப்போது அதற்குக் கீழே கொஞ்சம் தரையும் கிடைத்திருந்தது.

அன்புச்செல்வி குனிந்தாள். யாருடைய வலைப்பூவைத் திறந்தாலும் முதலில் அடிக்குப் போய்ப் பார்ப்பது அவள் பழக்கம். பாழாய்ப்போன அந்தப் பழக்கம் புடவையிலும் விடவில்லை.

புல்லின் நடுவே ஒரு இதழ் ‘எ’ மாதிரி வளைந்திருந்தது. அடுத்தது ‘ழி’. கடைசியில் ஒன்று தலையில் புள்ளியோடு நின்றது. மொத்தம் ஆறு எழுத்து, புல்லோடு புல்லாக. நல்லவேளை, போன் நம்பர் இல்லை.

நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். அன்னத்தின் காலடியில் புல். மயிலுக்குக் கீழே புல். யானைக்குக் கீழேயும் அதே புல்.

எழிலரசன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பாத்துக்கம்மா. அப்பறம் வந்து சண்டை போடக் கூடாது. கீழ எழுத்து எதுவும் இல்லியே?” என்றார் தணிகாசலம்.

அன்புச்செல்வி புடவையைப் பத்திரமாக மடித்தாள்.

“ஒண்ணும் இல்லைங்க” என்றாள். “வெறும் புல்லுதான்.”